அத்தோ கடைப் பலகைக்கு ஓர் எழுத்துரு: குறும்பான தமிழ் எழுத்தை வரைவது முதல் அச்சுக்கு அனுப்புவது வரை

ராயபுரத்தில் ஒரு அத்தோ கடைக்கு, அதாவது பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைக்கு, பலகை செய்து தரச் சொன்னார்கள். கடை என்றால் தள்ளுவண்டிதான். எழுத வேண்டியது நான்கே வரி: அத்தோ, மொய்ங்கா, முட்டை பேஜோ, வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு வடசென்னைக்கு வந்து சேர்ந்த சாப்பாடு இது. பெயரிலேயே ஒரு துள்ளல் இருக்கிறது. ஆனால் கணினியில் இருந்த எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்தால் ஒன்று பாடப்புத்தகம் மாதிரி வந்தது, இன்னொன்று கல்யாணப் பத்திரிகை மாதிரி. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, ரேஷன் கடை போர்டு மாரி கீது" என்றார்.

சரி, நாமே ஒன்றை வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு நாள் வேலை என்று நினைத்தது நான்கு மாதம் இழுத்தது. அந்த நான்கு மாதத்தில் எங்கெல்லாம் முட்டிக்கொண்டேன், எதைச் செய்தால் சரியாக வந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். காகிதம், பிரஷ், ஓரளவு பழைய கணினி, இலவச மென்பொருள் இரண்டு. இவ்வளவு போதும்.

முதல் படி: சுவரைப் பார்ப்பது

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்மண்டபத்தில் தொடங்கிக் காசிமேடு வரை நடந்து, அப்படியே தண்டையார்பேட்டைப் பக்கம் திரும்புங்கள். படகின் மூக்கில் எழுதிய பெயர், மீன் பெட்டியில் அடித்த முதலாளி பெயர், ஆட்டோவின் முதுகு, கேரம் கிளப்பின் கதவு, தேர்தல் முடிந்தும் அழியாத சுவர். எல்லாவற்றையும் நேருக்கு நேர் நின்று படம் எடுங்கள். சாய்வாக எடுத்தால் எழுத்தின் அளவு பொய் சொல்லும்.

கையால் எழுதும் பெயின்டர் யாராவது வேலையில் இருந்தால் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். நீலப்பொடி தோய்த்த நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுவரில் ஒரு தட்டு; மேல்கோடு விழும். இன்னொரு தட்டு, கீழ்கோடு. சாக்பீஸில் எலும்புக்கூடு மாதிரி லேசாக எழுத்து. அப்புறம் பட்டைப் பிரஷ். அவர் கையைத்தான் கவனிக்க வேண்டும். பிரஷைத் திருப்பாமல் இழுத்தால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிகிறது. வளைவில் விரலால் உருட்டிக்கொண்டே போனால் ஒரே தடிமன் வருகிறது. இடம் போதவில்லை என்றால் துணைக்காலைத்தான் முதலில் ஒடுக்குகிறார், எழுத்தின் வயிற்றைத் தொடுவதில்லை. என் எழுத்துருவில் பாதி முடிவுகள் இதைப் பார்த்து எடுத்தவை.

இந்தத் தெரு எழுத்தை எழுத்துருவாக்குவது புது யோசனை ஒன்றுமில்லை. டெல்லியில் வடிவமைப்பாளர் ஹனிஃப் குரேஷி தொடங்கிய 'ஹேண்ட்பெயின்டட் டைப்' திட்டம் தெரு பெயின்டர்களின் கையெழுத்தை வாங்கிக் கணினி எழுத்துருவாக மாற்றியது. தமிழில் துள்ளலான எழுத்துரு ஏற்கெனவே எப்படியெல்லாம் இருக்கிறது என்று பார்க்க கூகுள் ஃபான்ட்ஸில் பலூ தம்பி, காயினி, கவிவனார் மூன்றையும் இறக்கிப் பாருங்கள். முதல் இரண்டும் கொழுகொழு ரகம், கவிவனார் சாய்ந்த கையெழுத்து. உங்கள் வேலைக்கு அதிலேயே ஒன்று பொருந்தினால் வரையும் சிரமம் இல்லை. நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு குறும்பு

என் முதல் வரைவில் க சாய்ந்தது, த குதித்தது, ம குண்டாயிற்று, ப ஒல்லியாயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகு. சேர்த்து எழுதினால் கடைசி பஸ்ஸில் ஏறும் கூட்டம். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எதுவும் குறும்பாகத் தெரியாது, அலங்கோலமாகத்தான் தெரியும்.

அதனால் ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது: சுழி வருகிற இடமெல்லாம் வழக்கத்தைவிடப் பெரிது, கோடு முடிகிற இடமெல்லாம் நூடுல்ஸ் நுனி மாதிரி லேசாக வளையும். மற்றதெல்லாம் ஒழுக்கமாக நிற்கும். நீங்கள் வேறொன்று எடுக்கலாம்: எல்லாக் கால்களும் உதைக்கும், அல்லது எல்லா எழுத்தும் இடுப்பில் பெருக்கும். எடுத்ததை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள். நாற்பதாவது எழுத்தில் கை வேறெங்கோ போகும், அப்போது தேவைப்படும்.

என் விதியில் ஒரு கண்ணி இருந்தது. இகரக் கொக்கியின் நுனியையும் ஆசையாகச் சுழித்துவிட்டேன். 'பிடி' என்று எழுதினால் 'பீடி' என்று படித்தார்கள். தமிழில் இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் இடையில் இருப்பது அந்தச் சின்னச் சுழிதான். அங்கே விளையாடக் கூடாது. இதேபோல எ–ஏ, ஒ–ஓ, ஒற்றைக் கொம்பு–இரட்டைக் கொம்பு, துணைக்கால்–ர. இந்த ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, வேறுபாட்டை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டுங்கள்.

மூன்றாம் படி: எத்தனை எழுத்து வரைய வேண்டும்

247 என்று கேட்டவுடன் பயப்பட வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18. உகர ஊகாரத்தில் ஒவ்வொரு மெய்யும் ஒவ்வொரு விதமாக உருமாறும் என்பதால் அந்த 36-ஐயும் தனியாகத்தான் வரைய வேண்டும். டி, டீ இரண்டும் ஒட்டி வரும், அவையும் தனி. குறிகள்: துணைக்கால், இகரம், ஈகாரம், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரத்தில் கடைசியில் வரும் குறி, புள்ளி என எட்டு. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆறு. ஜு, ஜூ போன்றவற்றுக்கான தனிக் குறி இரண்டு. கூட்டினால் 85. கொ, கோ, கௌ எல்லாம் இவற்றைக் கோத்தாலே வந்துவிடும். அப்புறம் எண்கள், நிறுத்தற்குறிகள், ரூபாய்க் குறி.

நேரம் இருந்தால் பழைய வடிவங்களையும் வரைந்து வையுங்கள். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்பு இருந்தது. ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் சுருண்டு நின்றன. குறும்பான எழுத்துருவுக்கு அந்த யானைத் தும்பிக்கை லை மாதிரி ஒன்று கிடைக்காது. மாற்று வடிவமாக மட்டும் வையுங்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது படிக்க வராது.

நான்காம் படி: கையால் வரைதல்

கட்டம் போட்ட தாளில் ஒரு எழுத்துக்கு ஆறு சென்டிமீட்டர் உயரம் வைத்தேன். கறுப்பு போஸ்டர் கலர், வட்ட நுனிப் பிரஷ். மார்க்கர் வேண்டாம், வேகத்தில் வரும் தடிப்பும் மெலிவும் அதில் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் பத்துத் தடவை, வேகமாக. மெதுவாக எழுதினால் கை நடுங்கியது அப்படியே பதிந்துவிடும். பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வேலையை மறுநாள் காலையில் செய்யுங்கள்.

எங்கே தொடங்குவது? ப, ட, ம, க என்று எளியதில் தொடங்கச் சொல்வார்கள். நான் ண, ஞ, ழ, ணூ என்று கஷ்டமானதில் தொடங்கச் சொல்வேன். ண-வின் சுழிகள் ஓர் எழுத்தின் அகலத்துக்குள் அடைப்பு இல்லாமல் அடங்கும் தடிமன் எதுவோ, அதுதான் உங்கள் எழுத்துருவின் தடிமன். ப-வை வைத்துத் தடிமனை முடிவு செய்தால் ண வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன், முப்பது எழுத்தைத் திரும்ப வரைந்தேன்.

ஐந்தாம் படி: கணினிக்குள் கொண்டுவருதல்

600 டிபிஐ-இல் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ட்ரேஸ் செய்யுங்கள், அதாவது படத்தைக் கோடாக மாற்றுங்கள். ட்ரேஸ் செய்த கோட்டில் நூற்றுக்கணக்கில் புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். அதை அப்படியே விட்டால் எழுத்து எறும்பு மொய்த்த மாதிரி நெளியும். அதை அடியில் மங்கலாக வைத்துவிட்டு, அதன் மேல் புதிதாக வளைகோட்டை நீங்களே போடுங்கள்: வளைவின் உச்சி, அடி, இடது ஓரம், வலது ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் புள்ளி. ஒரு ம-வுக்கு இருபதுக்குள் முடியும். சிறு கோணல்களில் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்பது இங்கேதான் முடிவாகும். கையால் வந்தது என்று தெரிய மூன்றில் ஒரு பங்கு கோணல் போதும்.

பிறகு ஃபான்ட்ஃபோர்ஜ், எழுத்துரு கட்டும் மென்பொருள். எழுத்துருவின் சதுரம் 1000 அலகு என்று வைத்தால், என் கணக்கு இது: எழுத்தின் உடல் 600, கொக்கியும் புள்ளியும் 820 வரை, ற, ந, ழ போன்றவற்றின் வால் கீழே 260 வரை. கோட்டின் தடிமன் 95. ண, ஞ, ணூ-வுக்கு மட்டும் 80. கண்ணுக்கு ஒரே தடிமனாகத்தான் தெரியும். எழுத்துருவின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் சொல்லும் விண்டோஸ் அசென்ட், டிசென்ட் என்ற இரண்டு எண்களை உங்கள் உயரமான எழுத்தையும் தாழ்ந்த எழுத்தையும் சற்றுத் தாண்டியே வையுங்கள். குறைத்து வைத்தால் சில மென்பொருளில் ஈகாரத்தின் தலை வெட்டுப்படும்.

ஆறாம் படி: கொம்பு, கால், புள்ளி

இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் உண்டு, அதில் நிரம்பியவை 72 மட்டும். கு, கூ-வுக்கெல்லாம் தனி இடம் கிடையாது. க-வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் நீங்கள் வரைந்த கு-வைக் காட்டு என்று எழுத்துருவுக்குள் விதி எழுத வேண்டும். 36-க்கும் 36 விதி. அந்த விதிகளைத் தமிழ் எழுத்துமுறையின் கீழ் பதிவு செய்தீர்களா என்று பாருங்கள். பொதுப் பிரிவில் போட்டுவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன். கெ என்று தட்டினால் கணினிக்குள் க முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பை இடப்பக்கம் தூக்கி வைப்பது உலாவியோ போனோ செய்யும் வேலை, அதற்கு நீங்கள் விதி எழுத வேண்டாம்.

எழுத்துகள் மேலும் கீழும் துள்ள வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள். நானும் ஆசைப்பட்டேன். 'கொடுவா' என்று எழுதினால் கொம்பு மேலே, க கீழே, கால் இன்னொரு உயரத்தில். கொ என்பது ஓர் எழுத்து, அதை மூன்று துண்டாக்கிக் குலுக்கினால் கண் திணறுகிறது. தீர்வு: கொம்பும் காலும் கோட்டை விட்டு அசையக் கூடாது, சாயவும் கூடாது. துள்ளலை உடல் எழுத்துகளில் மட்டும், மேலே கீழே 20 அலகுக்குள். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு வரி முழுக்க ஓடும்போது நன்றாகவே தெரியும்.

புள்ளிக்கு வருகிறேன். முதல் மாதிரியை அச்செடுத்துத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் மாட்டிப் பார்த்தேன். சூப் 'சூப' ஆகிவிட்டது. மொய்ங்கா என்ன ஆயிற்று என்று சொல்லவே வேண்டாம். பக்கத்தில் சுவர் எழுதிக்கொண்டிருந்த வயதான பெயின்டர் ஒருவர், "புள்ளிய சின்னதா வெச்சா வெயிலே தின்னுடும் தம்பி" என்றார். தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறும். 'பல் மருத்துவர்' 'பல மருத்துவர்' ஆவார். இப்போது என் புள்ளி 125 அலகு, கோட்டின் தடிமனைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகம். உள்ளே ஓட்டை உள்ள வளையப் புள்ளி அழகுதான், ஆனால் சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும். 18 மெய்களுக்கும் புள்ளியைத் தானாக நடுவில் உட்கார வைக்காதீர்கள். ட-வுக்கும் ர-வுக்கும் நடு எது என்று கண்ணால்தான் சொல்ல முடியும்.

ஏழாம் படி: இரட்டைப் பிறவிகள்

அத்தோ, முட்டை, பட்டம், தாத்தா, காக்கா. தமிழில் ஒரே எழுத்து புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். கையால் வரைந்த எழுத்துருவில் இரண்டு த-வும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், வரைந்தது கை இல்லை என்று அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். பெயின்டர் கையில் இரண்டு த ஒருபோதும் ஒன்றாக வராது.

அதனால் க், ட், த், ப் நான்கையும் அகர வடிவத்தின் மேல் புள்ளி வைத்துச் செய்யாமல் தனியாக வரையுங்கள். த் சற்று ஒடுங்கி, வால் குட்டையாக. அடுத்து வரும் த தாராளமாக. கு-வுக்கு எழுதியது போலவே, த-வும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் இந்த த்-தைக் காட்டு என்று நான்குக்கும் விதி எழுத வேண்டும். தாத்தா, காக்கா மாதிரி அதற்கும் மேல் வேண்டுமென்றால் கான்டெக்சுவல் ஆல்டர்நேட்ஸ் என்ற வசதியில் இரண்டாவது த வந்தால் மாற்று வடிவத்தைப் போடு என்று சொல்லலாம். என் எழுத்துருவைப் பார்த்தவர்கள் 'நெசமாவே கையால எழுதினதா' என்று கேட்டதற்கு இந்த நான்கு எழுத்துதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இடைவெளி வேலை சலிப்பானது, சுருக்கமாகச் சொல்கிறேன். ப, ம போன்ற நேர் ஓரங்களுக்கு நடுவே ஓர் அளவு, உருண்டை ஓரங்களுக்கு அதைவிடக் குறைவு, துணைக்காலுக்கு இடப்பக்கம் மிகக் குறைவு. அது தன் எழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். சோதிக்க மீன் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: வஞ்சிரம், நெத்திலி, கொடுவா, சங்கரா, சுறா, இறால், கிழங்கான். அதோடு ஔவை, ஞாயிறு, ஸ்ரீ, க்ஷ. இவை சரியாக வந்தால் மற்றதும் வரும்.

எங்கே போடலாம், எப்படிப் போடலாம்

குறும்பான எழுத்துரு ஊறுகாய் மாதிரி. கடையின் பெயர், மெனுவின் தலைப்பு, குழந்தைகள் புத்தகத்தின் அட்டை, கேரம் கிளப்பின் பனியன், படகின் பெயர், காதுகுத்துப் பத்திரிகையில் பிள்ளையின் பெயர். ஐந்தாறு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். முகவரி, நேரம், நிபந்தனை எல்லாம் சாதாரண எழுத்துருவில் இருக்கட்டும். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். காமிக் சான்ஸ் என்ற எழுத்துருவை 1994-இல் வின்சென்ட் கொனேர் வரையத் தொடங்கியது ஒரு கார்ட்டூன் நாய் பேசும் பலூனுக்காக. அப்புறம் அதை அலுவலக அறிவிப்பிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒட்டினார்கள், பழி எழுத்துருவின் மேல் விழுந்தது.

பலகையின் அளவுக்குப் பெயின்டர்கள் சொல்லும் கணக்கு பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். தமிழுக்கு, அதுவும் சுழி நிறைந்த எழுத்துக்கு, நான் ஒன்றரை அங்குலம் வைப்பேன். நிழல் போடுவதாக இருந்தால் ஒரே பக்கம், வலது கீழே, மெல்லியதாக. தடித்த நிழல் சுழிக்குள் வழிந்து ண-வை மூடிவிடும். வெளிக்கோடு கொடுக்கிறபோது எழுத்துக்கு வெளியே கொடுங்கள், உள்ளே தின்னக் கூடாது. எழுத்துகளுக்கு நடுவே அகலமாக இடம் விடும் பாணி தமிழுக்கு ஆகாது, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரியும். செங்குத்தாக அடுக்கினால் 'காபி' இரண்டே தட்டு: கா, பி. காலைத் தனியே ஒரு தட்டில் வைத்த பலகையை நானே பார்த்திருக்கிறேன்.

பொருளுக்குப் பொருள் தொல்லை வேறு. மீன் பெட்டிக்கு ஸ்டென்சில் வெட்டினால் சுழியின் நடுப்பகுதி பொத்தென்று கீழே விழும்; அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு மில்லிமீட்டர் பாலம் விட்டு ஒரு தனி வடிவம் வரைய வேண்டும். வினைல் கட்டிங்கில் தாளை உரிக்கும்போது புள்ளிகளும் கூடவே உரிந்து வரும், உரிப்பதற்கு முன் எத்தனை புள்ளி என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பனியனில் எம்ப்ராய்டரி என்றால் நூல் பருமனில் சுழி அடையும். ஸ்கிரீன் பிரின்டிங் பரவாயில்லை.

ஃபிளெக்ஸ் கடைக்குக் கோப்பு அனுப்பும்போது எழுத்தை எழுத்தாக அனுப்பாதீர்கள். ஒரு கடையில் என் கோப்பைத் திறந்ததும் கொடுவாவின் கொம்பு கழன்று, பக்கத்தில் புள்ளிவட்டத்தோடு நின்றது. கேட்டால், "சார், உங்க ஃபான்ட் சரியில்ல" என்றார்கள். பல டிடிபி கடைகளில் இன்னும் பாமினி, வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத பழைய முறைதான் ஓடுகிறது. பழைய ஃபோட்டோஷாப் என்றால் டைப் அமைப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காகக் கோக்கும். இந்த வம்பே வேண்டாம் என்றால் அவர்கள் பாஷையிலேயே கர்வ் பண்ணி, அதாவது எழுத்தை வெறும் வரைகோடாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுத்துவிடுங்கள். எழுத்துருவைப் பிறருக்கும் கொடுப்பதாக இருந்தால் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் நல்ல வழி. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது.

நான்கு மாதம் கழித்து அந்த வண்டியில் பலகையை மாட்டினோம். நீலத்தில் மஞ்சள். த்-தும் த-வும் கைகோத்துக்கொண்டு நின்றன. கடைக்காரர் சாலையைத் தாண்டிப் போய் நின்று பார்த்தார், திரும்பி வந்தார். "எழுத்து டக்கரா கீதுண்ணா. ரேட்டு மட்டும் யாருக்கும் தெரியல." எண்களை நான் கடைசி நாள் ராத்திரி ஒரு மணி நேரத்தில் வரைந்திருந்தேன். பலகையை இறக்கிவிட்டு, 0-விலிருந்து திரும்ப உட்கார்ந்தேன்.